கரண்ட் திரும்பி வரும்போது

தெமோதரைப் பக்கம் இடிமின்னல் காலத்தில் கரண்ட் போவதும் வருவதும் நமக்குப் பழக்கம்தான். ஆனால் வீட்டில் ஸ்மார்ட் பிளக் வைத்திருப்பவர்கள், கரண்ட் போகும் நேரத்தைவிடத் திரும்பி வரும் நேரத்தையே அதிகம் கவனிக்க வேண்டும்.

ஸ்மார்ட் பிளக் வைஃபை வழியாகக் கட்டளை கேட்டு, கரண்டை விடும், நிறுத்தும். பல பிளக்குகள் இதற்கு வெளிநாட்டு சேர்வரை நம்பியிருக்கின்றன. அப்படியில்லாமல், கட்டளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள உதவுவது எம்கியூடிடி. எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க, 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் உருவாக்கிய முறை இது. செய்தியோடு சேரும் தலைப்பகுதி 2 பைட் அளவுக்குச் சுருங்கும் என்பதால், சிக்னல் மெலிந்த இடத்திலும் தாக்குப்பிடிக்கும்.

தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டை நினைத்துப் பாருங்கள். கணக்கப்பிள்ளை வேலையைச் சொல்ல, அவரவர் தமக்குரியதைக் கேட்டுக்கொண்டு போவார்கள். எம்கியூடிடியில் கணக்கப்பிள்ளையின் இடத்தில் இருப்பது புரோக்கர் என்ற மென்பொருள். 'மொஸ்கிட்டோ' என்ற புரோக்கர் இலவசமாகவே கிடைக்கிறது. ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியே அதற்குப் போதும். ஒரு பிளக் சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பு இழந்தால், அதையும் புரோக்கரே மற்றவர்களுக்கு அறிவிக்கும்.

கடைசிக் கட்டளையை வைத்திருந்து, பிந்தி வருபவருக்குச் சொல்லும் வசதியும் புரோக்கரில் உண்டு. 'ரீட்டெயின்' என்பார்கள். ஆபத்து இங்கேதான். காலையில் இஸ்திரிப் பெட்டிக்கு 'ஆன்' கட்டளையை ரீட்டெயினோடு அனுப்புகிறீர்கள். பிறகு பிளக்கின் பொத்தானை அமர்த்தி நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறீர்கள். புரோக்கரிடம் அந்த 'ஆன்' அப்படியே இருக்கிறது. பகலில் கரண்ட் போய் வருகிறது. பிளக் மறுபடி இணைகிறது, 'ஆன்' என்று கேட்கிறது. ஆளில்லாத வீட்டில் இஸ்திரிப் பெட்டி சூடேறுகிறது.

ஆகவே கட்டளைகளை ரீட்டெயின் இல்லாமல் அனுப்புங்கள். சூடேறும் பொருளின் பிளக்கை, கரண்ட் வந்ததும் 'ஓஃப்' நிலையிலேயே நிற்கும்படி அமையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டும் 'ஆன்' பொருந்தும். பிளக்கில் எழுதியிருக்கும் அம்பியரையும் பாருங்கள்: 230 வோல்ட்டில் 10 அம்பியர் என்றால் 2300 வாட்தான். குளியலறை ஹீட்டர்கள் பல அதற்கு மேல் இழுக்கும்.

இன்று மாலையே மெயின் சுவிட்சை ஒருமுறை நிறுத்தி, திரும்பப் போடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, எந்தெந்தப் பிளக் தானாக உயிர்பெற்றது என்று பாருங்கள். பிழை இருந்தால், நீங்கள் வீட்டில் நிற்கும்போதே அது வெளிப்படட்டும்.