பூச்சுக்கு முன்னால் பெட்டியை அளந்து பாருங்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம் குழுக்களில் பலபேர் கடன் வாங்கி வீடு கட்டுகிறோம். சிமெண்ட் மூட்டையை நின்று எண்ணுகிறோம். கரண்ட் வேலை என்றால் மட்டும் "அது அந்தத் தம்பிக்குத்தாம்மா தெரியும்" என்று விட்டுவிடுகிறோம். அதனால் இன்றைக்கு ஜங்ஷன் பாக்ஸ் பற்றிப் பேசுகிறோம்.

சுவருக்குள் ஓடுகிற பைப்புகள் வந்து சேருகிற பெட்டி அது. வயர் ஜாயிண்ட்டுகள் அதற்குள்தான் இருக்கும். பெட்டி சின்னதாக இருந்தால் வயரை மடக்கி, அமுக்கி, மூடியைத் திருகுவார்கள். ஜாயிண்ட் தளரும். தளர்ந்த இடம் சூடாகும். சுற்றிய டேப் இளகும், வயரின் மேல்தோல் கருகும். எம்.சி.பி. இருக்கே என்பீர்கள். லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது ட்ரிப் ஆகும்; தளர்ந்த ஜாயிண்ட் சூடாவது அதற்குத் தெரியாது.

கடையில் "மூணு வழி, நாலு வழி" என்று கேட்டு வாங்குகிறோம். வழி என்பது பைப் நுழைகிற வாய். உள்ளே எத்தனை வயர் கொள்ளும் என்பது வேறு கணக்கு. அமெரிக்காவில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் சட்டம் இல்லைதான், ஆனால் எளிதான கணக்கு. நாம் பிளக்கிற்குப் போடுகிற 2.5 சதுர மி.மீ. வயரைவிடச் சற்றுக் கனமான வயருக்கு, ஒரு வயருக்கு 2¼ கன அங்குலம் இடம் விடச் சொல்கிறார்கள். எர்த் வயர்கள் நாலு வரை சேர்த்து ஒன்றாக எண்ணலாம்.

பெட்டியின் உள்பக்கத்தை டேப் வைத்து அளந்து நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்குங்கள். 3 அங்குலச் சதுரம், 2 அங்குல ஆழம் என்றால் 18. மூணு பைப்பில் ரெண்டு ரெண்டு வயர், ஆக 6, எர்த்துக்கு 1, மொத்தம் 7. அதற்கு 15¾ போதும், பெட்டி தாங்கும். அப்புறம் "மிக்ஸிக்கு ஒரு பிளக் போடுப்பா" என்கிறோம் பாருங்கள், இன்னும் ரெண்டு வயர் வரும். 9 வயருக்கு 20¼ வேண்டும், பெட்டி போதாது. அதே ஆழத்தில் 4 அங்குலச் சதுரம் வைத்தால் 32. மாதாமாதம் வட்டிக் கணக்கு எழுதுகிற நமக்கு இது ஒரு கணக்கா?

சுவருக்குப் பூசிய பிறகு பெட்டியை மாற்ற, சுவரைத்தான் கொத்த வேண்டும். மேல்தளத்தில் வைக்கிற பெட்டியைக் காங்கிரீட் போடுமுன்பே பார்க்கணும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா, கம்பியாள் சான்று உள்ளவர்தானா வேலை செய்கிறார், இதையும் கேளுங்கள். அழகுக்காக மூடியைப் பூச்சுக்குள் மறைக்க விடாதீர்கள். குடியேறிய பிறகு கருகிய வாடை வந்தாலோ, லைட் விட்டுவிட்டு எரிந்தாலோ, மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களாக மூடியைத் திறக்க வேண்டாம்.

பூச்சு வேலை தொடங்காத வீட்டுக்காரர்கள் பெட்டி அளவையும் வயர் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.