ஈகோ, அஹங்காரம், நான்

(சங்கத்தின் நாக்பூர் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

முப்பது வருஷம் கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், "மனசைப் பற்றிப் பேசுங்கள், கொஞ்சம் வேதாந்தமும் இருக்கட்டும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். இரண்டும் சந்திக்கிற ஒரு துறை உண்டு. ட்ரான்ஸ்பர்சனல் ஸைகாலஜி என்று பெயர். தனிமனிதன் என்ற எல்லையைக் கடந்த மனோதத்துவம் என்று சொல்லலாம்.

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டிய ஆப்ரஹாம் மாஸ்லோவை எம்.பி.ஏ. படித்தவர்களுக்குத் தெரியும். தன் திறமைகளை முழுக்க மலரச் செய்வதைத்தான் முதலில் உச்சியில் வைத்தார். பிற்காலத்தில் அது போதவில்லை. தன்னையே கடந்து நிற்பது என்று ஒரு நிலை அதற்கும் மேலே உண்டு என்றார். ஆன்டனி சூடிச்சும் அவரும் இன்னும் சிலரும் முயன்று, 1969-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஓர் ஆய்வுப் பத்திரிகை வந்தது. அதில் நம் உபநிஷத்துக்கும் பௌத்தத்துக்கும் நல்ல மரியாதை. நமக்குப் பெருமைதான். கூடவே ஒரு குழப்பமும் வந்து சேர்ந்தது.

குழப்பம் "ஈகோ" என்ற சொல்லில். ஃப்ராய்ட் 1923-ல் இதைப் பற்றி எழுதிய நூலில் "இஹ்" என்ற சாதாரண ஜெர்மன் சொல்லைத்தான் போட்டார். நம் "நான்"தான் அது. ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் லத்தீனுக்குப் போய் ஈகோ ஆக்கினார்கள். ஒரு பக்கம் ஆசை இழுக்கிறது, மறுபக்கம் மனசாட்சி கண்டிக்கிறது. உலக நடப்பையும் பார்த்து அன்றாடக் காரியத்தை ஓட்டுகிற நிர்வாகிதான் அவர் சொன்ன ஈகோ. நம்மாத்திலோ "அவனுக்கு ஈகோ ஜாஸ்தி" என்றால் கர்வம். அஹங்காரத்துக்கும் இதே கதிதான். மனஸ், புத்தி, சித்தம், அஹங்காரம் என்று அந்தக்கரணத்தை நான்காகச் சொல்லும்போது, அது "நான்", "எனது" என்று சொந்தம் கொண்டாடுகிற ஒரு கருவி. மண்டைக்கனம் அந்தக் கருவிக்கு வருகிற வியாதி.

அப்படியானால் "ஈகோவை அழி" என்றால் எதை அழிப்பது? கர்வத்தையா, நிர்வாகியையா?

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், ஊர் வேண்டாம். பையனுக்கு இருபத்து மூன்று வயது, இன்ஜினியரிங் முடித்தவன். சாப்பாடு குறைந்தது. சிநேகிதர்களை விட்டான். வேலைக்கு மனுப் போடுவதையும் நிறுத்தினான். "எதிலும் பற்றில்லை, நான் என்று ஒன்றும் இல்லை" என்றான். பூர்வ ஜன்ம வாசனை என்று பாட்டிக்கு ஒரே பூரிப்பு. ராத்திரி மூன்று மணிக்கு அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்ட அம்மாதான் எனக்குப் போன் செய்தாள். தூங்குகிறானா, இளைத்திருக்கிறானா, குளிக்கிறானா, சாவைப் பற்றிப் பேசுகிறானா என்று கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவளிடமிருந்து பதில் வரவில்லை. அன்று சாயங்காலமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். கடுமையான மனச்சோர்வு. எட்டு மாதம் மருந்தும் பேச்சு சிகிச்சையும் நடந்தன. இப்போது வேலையில் இருக்கிறான். ஸந்தியாவந்தனம் பண்ணுகிறான், பாட்டியோடு சண்டையும் போடுகிறான்.

கென் வில்பர் 1980-ல் ஒரு கட்டுரையில் இதைத்தான் எச்சரித்தார். "நான்" இன்னும் உருவாகாத நிலையும், "நானை"க் கடந்த நிலையும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் இரண்டிலும் அன்றாட "நான்" இல்லை. ஒன்றை மற்றதாக எடுத்துக்கொள்வது இரண்டு பக்கமும் நடக்கிற தப்பு. ஞானியை நோயாளி என்பவர்களும் உண்டு, நோயாளியை ஞானி என்பவர்களும் உண்டு. உருவாகாத "நானு"க்குச் சொன்னதை இடிந்துபோன "நானு"க்கும் நான் பொருத்திப் பார்க்கிறேன். ஜான் வெல்வுட், தாமே பௌத்த சாதகர், 1984-ல் இன்னொன்று சொன்னார்: மனப் புண்ணை ஆற்றாமல் ஆன்மிகம் என்ற பைபாஸ் ரோடில் போய்விடுகிறோம் என்று. பத்தாம் நாள்கூட ஆகாமல் "ஆத்மாவுக்கு ஏது அழிவு, அழாதே" என்று ஒரு பெண்ணின் வாயை அடைக்கிறோமே, அது அந்த ரோடுதான்.

ஹோர்ஹே ஃபெரர் 2002-ல் இந்தத் துறையையே கேள்வி கேட்டார். "எனக்கு அனுபவம் கிடைத்தது" என்று எல்லாவற்றையும் தனிமனிதனின் உள் அனுபவமாக்கிவிட்டால், கடக்கப் புறப்பட்ட "நான்" தன் கணக்கில் இன்னொரு வரவை எழுதிக்கொள்கிறது. (நாலு மணிக்கு எழுந்து தியானம் பண்ணுகிறவர்கள் அதை எட்டு மணிக்குள் நாலு பேருக்குச் சொல்லிவிடுகிறோம்!) பரம்பொருளே பலவிதமாக இருக்கலாம் என்கிற அளவுக்கு அவர் போகிறார். அத்வைதியான நான் அதுவரை கூடப் போகமாட்டேன். இந்த விமரிசனம் மட்டும் சரி.

ரமண மகரிஷி திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் பிறர் ஊட்ட வேண்டியிருந்ததே, அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போவீர்களா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதே மகரிஷி பின்னால் விடியற்காலையில் ஆசிரம சமையலறையில் காய் நறுக்கினார், புத்தகங்களுக்கு ப்ரூஃப் திருத்தினார். நிர்வாகி வேலையில்தான் இருந்தார். அதோடு மகரிஷிக்கு மரண பயம் 1896-லேயே விலகிவிட்டது. இந்தப் பையனோ வதைபட்டுக்கொண்டிருந்தான். வைராக்கியம் நிஜமாயிருந்தால் ஒரு டாக்டர் பார்ப்பதால் அது குறைந்துவிடாது.

வரன் பார்க்கிற சமயத்தில் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வெளியூரில் இருக்கும் நமக்கு, கவனித்துச் சொல்ல அத்தையோ சித்தப்பாவோ பக்கத்தில் இல்லை. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பேனா இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.