அறுபொழுதும் உரிய இரு நிலங்கள்



தொல்காப்பியர் முல்லைக்கும் குறிஞ்சிக்கும் பாலைக்கும் உரிய பெரும்பொழுதுகளை வகுத்துக் கூறினார். மருதத்துக்கும் நெய்தலுக்கும் சிறுபொழுதை மட்டும் கூறினார்: மருதத்துக்கு வைகறை விடியல், நெய்தலுக்கு எற்பாடு. பெரும்பொழுது இன்னதென்று வரையறுக்காமையால், ஆறு பருவங்களும் இவ்விரண்டுக்கும் உரியவை என்று பின்வந்தோர் கொண்டனர். இலக்கண வகுப்பில் இச்செய்தி ஒரு வரியில் முடிந்துவிடும். ஏரிக்கரையையும் கடற்கரை மணல்மேட்டையும் ஆண்டு முழுவதும் படம் பிடிக்க முனைபவருக்கோ இதுவே முதற்பாடம். அழகிய பருவத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இவ்விரு நிலங்களிலும் அவருக்கு இல்லை.

இரு நிலங்களும் சென்னைக்குள்ளேயே இருந்தவை. அவற்றுள் ஏரி போய்விட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றனர். மயிலாப்பூர் ஏரி என்பது அதன் ஒரு பகுதி. 1920களில் மாம்பலம் குடியிருப்புத் திட்டத்துக்காக அது தூர்க்கப்பட்டது. அங்கே எழுந்த நகர், பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைப் பெற்றது. நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் அமைந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் இன்றும் உண்டு. அச்சாலையில் நடப்பவருக்கு, முதுவேனிலில் அந்த ஏரி எவ்வளவு வற்றும், கூதிரில் எந்தக் கரை வரை ஏறும் என்று சொல்ல ஒரு தெருப்பெயரால் இயலாது.

எஞ்சியிருப்பது அடையாற்றின் முகத்துவாரமும் அதைச் சார்ந்த கழியும் மணலும். இங்கே இலக்கணத்தையும் வானிலையையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும். நூல்வழிக் கார்காலம் ஆவணியும் புரட்டாசியும். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் பொழிவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது பெரும்பாலும் கூதிரில். ஆதலின் முல்லைத்திணையின் கார்காலத்தை எதிர்பார்த்து ஆவணியில் காமிராவுடன் புறப்படுபவர் பெரும்பாலும் வெயிலைத்தான் படமெடுத்துத் திரும்புவார்.

மணலின் போக்கும் அவ்வாறே பருவத்தால் மாறுவது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகிறது. வடக்கே செல்வது மிகுதி. 1870களின் இடையில் தொடங்கிய துறைமுகச் சுவர்கள் அம்மணலைத் தடுத்ததால்தான் மெரினா இத்தனை அகலம் பெற்றது. ஆற்றில் நீர் குன்றும் வேனிலில் அலைகள் முகத்துவாரத்தின் குறுக்கே மணலைக் குவித்து அடைத்துவிடும். கூதிரின் வெள்ளம் அதை உடைக்கும். சில ஆண்டுகளில் இயந்திரம் கொண்டு வெட்டித் திறப்பதும் உண்டு. மேட்டு மணலை முதலில் பற்றி நிறுத்துவது அடப்பங்கொடி, சங்கப் புலவர் கண்ட அடும்பு. அதன் அருகே இராவணன் மீசை. காய்ந்த அதன் முட்பந்துகள் காற்றில் மணல்மேல் உருண்டோடுவதைக் கண்டவர் மறக்கமாட்டார்.

ஒளியும் பொழுதுக்குப் பொழுது இடம் மாறுகிறது. சென்னை வடக்கே 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் ஞாயிறு உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும்; மற்ற மாதங்களில் வடக்கே விழும். மார்கழியில் ஞாயிறு தென்கிழக்கே கடலினின்று எழும், ஆனியில் வடகிழக்கே. ஒரே மணல்மேடு இருவேறு முகம் காட்டுவது இதனால்தான். எற்பாடு என்பதைப் பொழுது சாயும் நேரமாகக் கொள்வது பெருவழக்கு. உதயமாகக் கொண்டாரும் உளர். கீழைக்கரையில் நின்று படமெடுப்பவர் இரு கட்சிக்கும் சான்று தரக்கூடும்.

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை இங்கே நினையாமல் இருக்க முடியாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். 1950 முதல் இறுதிவரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். உலகம் வண்ணப்படத்துக்கு மாறிய பின்னும் கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த நூலின் பெயரே 'மழைக்காலமும் குயிலோசையும்'. கிருஷ்ணன் நாடியவை விலங்கும் பறவையும். நம் மரபில் கூறினால் கருப்பொருள். முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் அதே விடாப்பிடியுடன் படமெடுப்பது இன்னும் செய்யவேண்டிய பணியாகவே நிற்கிறது.

அப்பணியின் கடினம் கருவியில் இல்லை. ஒரே இடம், ஒரே உயரம், ஒரே நேரம், ஆண்டுக்கு ஆறு முறை என்று நிற்க வேண்டும். முன்பனியில் நிற்க எவரும் வருவர். வலசைப் பறவைகள் வந்திருக்கும், காற்றும் இதமாக இருக்கும். தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட மணலேறும் காலத்திலும் ஆவலர் குறைவில்லை. (அவற்றைப் பங்குனி ஆமை என்றே மீனவர் அழைப்பர். இரவில் மின்னொளி பாய்ச்சி அவற்றைப் படமெடுப்பது அவற்றைத் திருப்பியனுப்பும் செயல். அந்தப் படம் இல்லாமலிருப்பதே நன்று.) முதுவேனிலில்தான் ஆள் இல்லை. அடைபட்ட முகத்துவாரத்தின் உள்ளே கழிவுநீர் கறுத்து நாறும். கரையில் குப்பை ஒதுங்கிக் கிடக்கும். படமெடுப்போர் அப்போது வேறு ஊர் போய்விடுகின்றனர்.

மாநகரக் கவிதையும் உடன் போய்விடுகிறது என்பதே இங்குள்ள குறை. இன்றைய நெய்தற் கவிதைகளில் புன்னையும் தாழையும் தவறாமல் பூக்கின்றன. ஆனியின் அடையாறு அவற்றில் ஏறக்குறைய வருவதேயில்லை. சங்கப் புலவர் புலவு நாற்றத்தை விலக்கியவர் அல்லர்; உணங்கும் மீனையும் கழிச்சேற்றையும் காதலுக்கு அருகிலேயே வைத்தனர். அறுபொழுதும் உரிய என்றதன் பொருளை அவர்கள் மூக்காலும் அறிந்திருந்தனர்.

குப்பை கொட்டிக் கெட்டிருந்த அடையாற்றுக் கழியின் ஒரு பகுதி சீரமைக்கப்பட்டு 2011இல் திறக்கப்பட்டபோது, அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டனர். அங்கிருந்து முகத்துவாரம் அருகில்தான். அம்முகத்துவாரத்தில், 1967இல் கட்டி 1977இல் ஒரு பகுதி இடிந்த பாலம் ஒன்று நிற்கிறது. திரைப்படக்காரரும் காதலரும் அதை அறிவர். மணலும் நீரும் இடம்மாறும் அவ்விடத்தில் மாறாத குறி அதன் தூண்கள்தாம். ஆனியில் ஒரு படம், கார்த்திகையில் ஒரு படம் என்று எடுத்து அருகருகே வைத்தால், மணல் எங்கே நின்றது, நீர் எதுவரை ஏறியது என்று அத்தூண்களைக் கொண்டே அளந்துவிடலாம்.