பெரியாற்றுச் சாசனமும் இரண்டு ஆங்கிலச் சொற்களும்

கம்பம் பள்ளத்தாக்கு நேயர்களே, ‘லீஸ்’, ‘ரென்ட்’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் அர்த்த பேதத்தை விளக்குமாறு கேட்டிருக்கிறீர்கள். நம் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த சாசனமே அதற்குப் பாடமாக அமைந்திருக்கையில், அகராதியைத் தேடிப் போவானேன்?

1886-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான இங்கிலாந்து மந்திரிக்கும் இடையே ஏற்பட்ட பெரியாற்று உடன்படிக்கையின்படி, அணைநீர் தேங்குவதற்கென்று 8,000 ஏக்கர் நிலம் 999 வருஷங்களுக்கு விடப்பட்டதே, அந்த ஏற்பாடு முழுவதற்கும் பெயர் ‘லீஸ்’; ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் வருஷந்தோறும் சமஸ்தானத்துக்குச் செலுத்த வேண்டியிருந்த 40,000 ரூபாய்க்குப் பெயர் ‘ரென்ட்’. பின்னர் 1970-இல் அத்தொகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தபோது மாறியது ரென்ட். லீஸின் கால எல்லையோ மாறவில்லை. அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக் துரையின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் நம் ஊர்களில், இந்தச் சாசனத்தையும் பள்ளிகளில் இங்கிலீஷ் பாடமாக வாசிக்கவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

தேனியிலோ போடியிலோ வீடு தேடுகிறவர் ‘லீஸுக்குக் கிடைக்குமா?’ என்று விசாரித்தால், பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அதை அப்படியே திரும்பப் பெறுகிற நம்முடைய ஒத்தியைத்தான் கருதுகிறார். இங்கிலாந்தில் அவ்வாறு கேட்டால், குறிப்பிட்ட காலத்துக்கு ரென்ட் கட்டிக் குடியிருக்கும் ஒப்பந்தம் என்றே விளங்கிக்கொள்வார்கள். வெளிநாடு செல்லும் இளைஞர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும்.

இனி இலக்கணம். இரண்டும் வினையாகவும் வரும். விடுகிறவருக்கும் எடுக்கிறவருக்கும் பொதுவாகவே வரும். என் வகுப்பு மாணவர் ஒருவர் ‘ஐ ரென்டட் எ ஹவுஸ் இன் கம்பம்’ என்று எழுதியிருந்தார். “தம்பி, நீ வீட்டுக்காரனா, குடியிருக்கிறவனா?” என்று கேட்டேன், வகுப்பே யோசனையில் ஆழ்ந்தது. ‘வாடகைக்கு விட்டேன்’, ‘வாடகைக்கு எடுத்தேன்’ என்று தமிழில் வினையே தெளிவாக்கிவிடுகிற இந்த விஷயத்தில், ஆங்கிலத்தில் விடுகிறவர் ‘அவுட்’ என்பதையும், எடுக்கிறவர் ‘ஃப்ரம்’ என்று உரிமையாளர் பெயரையும் சேர்த்தால் ஐயம் நீங்கும்.

நேரம் நெருங்கிவிட்டபடியால் ஒன்று மட்டும்: திராட்சைத் தோட்டத்தை வருஷக்கணக்கில் பத்திரம் எழுதி எடுப்பதற்கு லீஸ் பொருந்தும், ஒரு மணி நேரத்துக்குச் சைக்கிள் எடுப்பதற்கு ரென்டே பொருந்தும். லோயர் கேம்பிலுள்ள பென்னிகுவிக் மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அந்த 999 வருஷக் கணக்கையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.