முகவரி: ரங்கநாதன் தெரு

(நம் சங்கத்தின் தீபாவளிச் சந்திப்பில் பேசியது. அன்று மைக் தகராறு செய்ததால் பின்வரிசைக்காரர்களுக்குப் பாதிதான் கேட்டதாம். அதனால் எழுதித் தரச் சொன்னார்கள்.)



"ரங்கநாதன் தெருவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார், கலகலப்பா இருக்கட்டும்" என்றார் செயலாளர். மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு அந்தத் தெருவைப் பற்றிச் சொல்வது, கொல்லத் தெருவில் ஊசி விற்பது மாதிரிதான். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் தெரு தானாகவே நம்மை வாங்கிக்கொள்ளும். நடக்கக்கூட வேண்டாம், பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும், கூட வந்தவர்கள் தொலைந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி. 2023 மே மாதம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்த பிறகு, வேலை இல்லாதவர்கள் மேலேயே போய்விடலாம். என் வீட்டம்மாவிடம் அதைச் சொன்னேன். "கீழே போகாம எதுக்கு தி.நகர் போகணும்?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். 1920களில் அதைத் தூர்த்து, மனை பிரித்து, நீதிக் கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பேரை வைத்தார்கள். பனகல் பூங்கா, உஸ்மான் சாலை, சௌந்தரபாண்டியனார் பேரைச் சொல்லும் பாண்டி பஜார் எல்லாமே அந்தக் கட்சிக்காரர்களின் ஞாபகங்கள்தான். நம் பக்கத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறதே, அங்கே நின்று லேக் எங்கே என்று என் பேரன் கேட்டான். "மேலே கடை போட்டுட்டாங்கடா" என்றேன். 1931இல் பீச் – தாம்பரம் மின்சார ரயில் வந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே வீடு என்றால் ஆபீஸ் போகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்! அப்படி வீடுகள் வந்த தெருதான் ரங்கநாதன் தெரு.

எனக்கு அந்தப் பெயர் தெருவைப் பார்க்கும் முன்பே பழக்கம். பி.காம். படிக்கும்போது என்னிடம் லிப்கோ டிக்‌ஷனரி இருந்தது. முதல் பக்கத்தில் ரங்கநாதன் தெரு, தியாகராய நகர் என்று முகவரி அச்சடித்திருக்கும். அகராதி போடுகிற தெரு என்றால் ரொம்ப அமைதியாக, மரமெல்லாம் வைத்து இருக்கும் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன். முதல் தடவை வந்து இறங்கியபோது ஒரு பெரிய ஸ்டீல் அண்டா என் முழங்கையில் இடித்தது.

வீடுகள் எப்படிப் போயின என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் பஸ் நிலையம், இரண்டையும் சேர்க்கும் தெரு அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. தினமும் அவ்வளவு பேர் உங்கள் வாசலைத் தாண்டிப் போனால், வாசலில் கோலம் போடுவதைவிடக் கடை போடுவதில் வருமானம் அதிகம். தென் மாவட்டங்களிலிருந்து வந்த வியாபாரிகளுக்கு இது நன்றாகவே புரிந்தது. எங்கள் காமர்ஸ் வாத்தியார் சரக்குச் சுழற்சி என்று பாடம் எடுப்பார். புடவைக்கு நூறு ரூபாய் லாபம் வைத்து மாதம் பத்து விற்பவனைவிட, பத்து ரூபாய் வைத்து ஆயிரம் விற்பவன் பணக்காரன். ஆடித் தள்ளுபடியும் அதே கணக்குதான். ஆடியில் கல்யாணம் கிடையாது, பணம் சரக்காகத் தூங்கும். அதை எழுப்பி ரொக்கமாக்கினால்தான் தீபாவளிக்குப் புதுச் சரக்கு வாங்க முடியும்.

அந்த ரொக்கம் வந்து சேரும் இடங்களில் ஒன்றில்தான் நான் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு வங்கிக் கிளை, கேஷ் கவுண்டர். தீபாவளி ஐப்பசி மழையில் வரும், நோட்டும் நனைந்தே வரும். நூறு நோட்டு ஒரு கட்டு. ஈர நோட்டு விரலில் ஒட்டிக்கொண்டு தொண்ணூற்றெட்டா நூற்றொன்றா என்று உயிரை வாங்கும். பணத்தைத் துணிப்பையில் கொண்டுவருகிறவர்கள் கடைப் பையன்கள். பதினெட்டு, இருபது வயது இருக்கும். எண்ணி முடிக்கும்வரை கவுண்டருக்கு எதிரே நின்றுகொண்டே இருப்பார்கள். பெஞ்ச் காலியாக இருக்கும், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள். பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், அப்படித் தினமும் வரும் ஒரு பையன் ரசீதை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன்.

"சார், எனக்கு ஒரு புக் போடணும் சார். தங்கச்சிக்குச் சேத்து வைக்கணும்."

"எவ்வளவு கட்டுவே?"

"இருநூறு ரூவா இருக்கு சார்."

"அட்ரஸ்?"

"கடைதான் சார். மாடியிலதான் எல்லாரும் படுத்துக்கிடுவோம்."

அந்தக் காலத்தில் கணக்குத் தொடங்க, ஏற்கனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். முகவரிக்கு ரேஷன் கார்டு கேட்போம். அவன் ரேஷன் கார்டு ஊரில், அப்பா பேரில். முதலாளியிடம் கையெழுத்துக் கேட்டு வா என்றேன். "அத எப்படி சார் கேக்கது?" என்றான். எங்கள் ஊழியர்களிலேயே சிலர் இப்படிப் பையன்களுக்குத் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார்கள். நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று நான் போடவில்லை. அன்று அவன் கொண்டுவந்த பையில் லட்சக்கணக்கில் பணம் இருந்தது. அதை எண்ணி, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். அவனுடைய இருநூறை வாங்கவில்லை. சில மாதம் கழித்து வேறொரு பையன் பை கொண்டுவந்தான். முன்னவன் எங்கே என்று நான் கேட்கவும் இல்லை.

அப்புறம் விதிகள் மாறின. 2005இல் சிறு கணக்குகளுக்கு ரிசர்வ் வங்கி கெடுபிடியைத் தளர்த்தியது, 2014இல் ஜன்தன் வந்தது. 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது, இத்தனை நாள் அங்கேயே புடவை வாங்கியவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து அழுதார்கள். நானும்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2008 செப்டம்பரில், அந்தத் தெருவில் நடந்த தீ விபத்தில் ஊழியர்கள் இருவர் இறந்திருந்தார்கள். 2011 தீபாவளி முடிந்த கையோடு விதிமீறல் கட்டடங்களுக்குச் சீல் வைத்தார்கள், பொங்கல் சமயத்தில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க விட்டது. அந்த இரண்டு மாதமும் நமக்கெல்லாம் பேச்சு, பொங்கலுக்கு எங்கே துணி எடுப்பது என்பதுதான். கடையே படுக்கையாக இருந்தவர்கள் எங்கே படுத்தார்கள் என்று நம் வீட்டில் பேசிய ஞாபகம் எனக்கில்லை. 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. நாற்காலிக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது, பாருங்கள். அடுத்த முறை போகும்போது புடவையோடு அதையும் கொஞ்சம் தேடுங்கள்.

கலகலப்பாகப் பேசச் சொன்னார்கள், நான் எங்கேயோ போய்விட்டேன். ஆனால் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

நம் குடியிருப்பில் இரண்டாவது மாடி வீடு ஒன்று ஆறு மாதமாக நான்கு பெண்களுக்கு வாடகைக்கு விடப்பட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். ரங்கநாதன் தெருவில் வேலை பார்க்கிறார்கள். ராத்திரி பத்தரைக்கு வருகிறார்கள், காலையில் போய்விடுகிறார்கள். இப்போது கமிட்டிக்கு மூன்று புகார் வந்திருக்கிறது: பால்கனியில் துணி நிறையத் தொங்குகிறது, ராத்திரி செருப்புச் சத்தம் கேட்கிறது, "இது ஃபேமிலி பில்டிங்". வீட்டுக்காரரிடம் சொல்லிக் காலி செய்ய வைக்கலாமா என்பது அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இருக்கிறது. துணிக்குக் கொடி மாடியில் கட்டலாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறச் சொன்னேன், அன்றிலிருந்து அப்படித்தான் ஏறுகிறார்கள். மூன்றாவதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அதில் ஒரு பெண் லிஃப்ட் அருகே என்னை நிறுத்தி, "அங்கிள், நீங்க பேங்க்ல இருந்தீங்களாமே?" என்றாள். அவளுடைய ஏ.டி.எம். கார்டு தபாலில் வந்து திரும்பிப் போய்விட்டதாம். விசாரித்தேன். நம் வாட்ச்மேன் மேல் தப்பில்லை. வாசல் பலகையில் அந்த வீட்டுக்கு எதிரே வீட்டுக்காரர் பேர்தான் இருக்கிறது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று தபால்காரரிடம் சொல்லியிருக்கிறார். கார்டை மறுபடி அனுப்பச் சொல்லி வங்கிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நான்கு பேருடைய பெயரையும் எழுதி, அந்த வீட்டுத் தபால் பெட்டியில் ஒட்டினேன். சங்க அனுமதி இல்லாமல் எதுவும் ஒட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியதில் நானும் ஒருவன்.

தாள் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. எடுத்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானால் என்னிடம் சொல்லுங்கள், ஒட்டியவனே எடுத்துவிடுகிறேன். கார்டு மட்டும் இன்னும் வரவில்லை. அதுவரை கொஞ்சம் பொறுங்கள்.