வேலையை விடாமல் முனைவர் பட்டம்

பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே இருக்கிறது படூர். பக்கத்தில் கணினி நிறுவனங்கள். ஊருக்குள்ளேயே இந்துஸ்தான் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களில் சிலருக்காவது, வேலையை விடாமல் முனைவர் பட்டம் வாங்க முடியுமா என்ற எண்ணம் இருக்கும்.

முடியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. முதுகலை முடித்தவர்களுக்கு அதில் 55 சதவீத மதிப்பெண் தேவை. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

முக்கியமானது, அலுவலகம் தரும் தடையின்மைச் சான்று. அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க வேலை இடம் தரும், தேவைப்பட்டால் பாடவகுப்புகளை முடிக்க விடுவிப்போம்.

குறைந்தது 12 கிரெடிட் பாடங்களை முடிக்க வேண்டும். காலம் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் 2 ஆண்டு கூடும்; பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை.

தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ முனைவர் பட்டம் வழங்க அனுமதி இல்லை. அப்படி யாராவது விளம்பரம் செய்தால் ஏமாறாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன், அலுவலகச் சான்றைக் கையில் வாங்கிவிடுங்கள்.