கைத்தடியா? கால்விலங்கா?

(‘ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் கைத்தடியா, கால்விலங்கா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘கைத்தடியே’ அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் ஆய்வேடுகளைக் கிழிகிழியென்று கிழித்தார். ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘என்றால் அது மிகையாகாது’, ‘மேலாய்வுக்கு வழிவகுக்கும்’ – எந்த ஏட்டைத் திறந்தாலும் இதே பல்லவிதானா என்றார். ஐயா, உங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. ‘சுற்றமும் நட்பும் சூழ’ன்னுதானே போட்டிருக்கீங்க? ‘இது எங்க பத்திரிகையில வந்தது’ன்னு சம்பந்தி சண்டைக்கு வந்தாரா? (சிரிப்பு)

இது இன்றைக்கு முளைத்த பழக்கமும் அல்ல. தொல்காப்பியத்தில் ‘என்மனார் புலவர்’ எத்தனை நூற்பாக்களில் வருகிறது! அவருக்கு வேறு சொல்லா கிடைக்கவில்லை? ‘இது எனக்கு முன்னோர் சொன்னது’ என்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிடுகிறார். அது வறட்சி அல்ல ஐயா, நேர்மை! (கைதட்டல்)

ஆங்கிலத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? டக்ளஸ் பைபர் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் இத்தகைய தொடர்களை எண்ணியே பார்த்துவிட்டார்கள். நான்கு சொற்கள் கைகோத்து, பத்து லட்சம் சொல்லுக்குப் பத்து தடவையாவது வரவேண்டும் என்று அளவும் வைத்தார்கள். ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ அப்படி வருவதுதான். நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018-இல் கருத்துத் திருட்டுக்கு விதி போட்டபோது, பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் சொற்கள் தொடர்ந்து 14 வரை வந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது.

சரி, இந்தக் கைத்தடி யாருக்கு? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு ஆய்வு நடை சோற்றோடு சேர்ந்தே வந்துவிடும். தேவதானப்பட்டியில் மாந்தோப்புக் கூலிக்குப் போகிற ஒரு தாயின் மகளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பரம்பரையில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். வெள்ளைத் தாளுக்கு முன்னால் கை நடுங்குமா, நடுங்காதா? ‘இவ்வாய்வின் நோக்கம்’ என்று தொடங்கக் கற்றுக்கொடுங்கள். அடுத்த வரியை அவளே எழுதுவாள். இருக்கிற தடியையும் பிடுங்கிக்கிட்டு ‘ஓடு’ன்னா, அது என்ன நியாயம்?

எதிரணி சொல்வதில் ஒன்று சரி. நம்ம ஊர் மாம்பழக் கூடையில் வைக்கோல் வைப்பது பழம் அடிபடாமல் இருக்க. கூடை முழுக்க வைக்கோல்னா எவன் வாங்குவான்? ஆனால், அது வைக்கோலின் குற்றமா, பழம் வைக்காதவன் குற்றமா?

நடை பழகியதும் அந்தத் தடியை அவளே சுவரில் சாத்திவிடுவாள். அதுவரை அவள் கையில் இருக்கட்டும். அவளுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே!